நான்கு மதிப்பெண்ணில் போன தேர்வு: அடுத்த தடவை எப்படிப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே ஒரு தொழில்முறைத் தேர்வு எழுதுகிறீர்கள். போன தடவை பாஸ் மார்க்குக்கு நான்கு குறைந்துவிட்டது. பாடப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று தடவை படித்திருந்தீர்கள். கடைசிக் கேள்வியைத் தொட நேரம் இல்லை. அடுத்த தேர்வுக்கு ஐந்து மாதம் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் கணக்கியல் தேர்வுகள் எழுதி வந்தவன். ஒரு தாளில் விழுந்து எழுந்தவனும்கூட. அப்புறம் சில வருடம் மாதிரித் தேர்வுத் தாள்கள் திருத்தியிருக்கிறேன். அதனால் உதாரணங்கள் கணக்குப் பக்கமே சாயும். ஆனால் நிதி, தணிக்கை, தகவல் பாதுகாப்பு, திட்ட மேலாண்மை என்று நீங்கள் எதை எழுதினாலும் சங்கதி பெரும்பாலும் ஒன்றுதான்.

"மூன்று தடவை படித்தேன்" என்ற வரியில்தான் என் கண் நின்றது. இரண்டாவது தடவை படிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. மூன்றாவது தடவை அடுத்த பத்தியில் என்ன வரப்போகிறது என்பதுகூடத் தெரிகிறது. "எல்லாம் தெரியுதே, வந்துடுச்சு" என்று மனசு முடிவு கட்டிவிடும். தெருவில் எதிரே வருபவரின் முகம் பழகியதாக இருப்பது வேறு, அவர் பெயர் என்ன என்று கேட்டதும் டக்கென்று சொல்வது வேறு. தேர்வறையில் கேட்பது பெயரை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் சிறு உரைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பகுதியை ஒரு தடவை மட்டும் படித்துவிட்டு, அடுத்த தடவை அதைப் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்த பகுதிதான் முன்னால் நின்றது: 81 சதவீதம், எழுதிப் பார்த்ததற்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். படித்தது 42-க்கு இறங்கிவிட்டது, எழுதிப் பார்த்தது 56-இல் நின்றது. நம்மை ஏமாற்றுவது அந்த முதல் ஐந்து நிமிடம்தான். ராத்திரி படித்து முடித்து மூடும்போது எல்லாம் மனதில் நிற்கிறது. தேர்வு நடப்பது அந்த ராத்திரியில் இல்லையே.

ஆக, முதலில் மாற்ற வேண்டியது இது: படிக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மூடிவைத்து எழுதும் நேரத்தை இரண்டு மடங்காக்குங்கள். எப்படி என்றால், ஒரு பிரிவை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள், கோடு போடாமல். ஹைலைட்டர் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பக்கம் முழுக்க மஞ்சளாக இருக்கும், மண்டையில் ஒன்றும் இருக்காது. படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் பிரிவின் தலைப்பை மட்டும் எழுதி, ஞாபகம் வருவதையெல்லாம் கிறுக்குங்கள். முதல் சில நாள் வெட்கமாக இருக்கும். பத்து நிமிடத்துக்கு முன் படித்ததில் நாலு வரிக்கு மேல் வராது. அந்த வெட்கம்தான் படிப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளம். வராததை மட்டும் புத்தகத்தில் தேடி, வேறு நிற மையில் அதே தாளில் நிரப்புங்கள். அப்புறம் உடனே அந்தப் பிரிவிலிருந்து நாலைந்து கேள்வி.

அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு நாள் கழித்து, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் மூன்று வாரம் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் வெறுந்தாளில் மறுபடி எழுதிப் பாருங்கள். மறப்பு எவ்வளவு வேகமானது என்பதை எர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே அளந்து எழுதிவிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துக்கொண்டவர் அவர். மறக்க ஆரம்பிக்கும் நேரத்தில் கஷ்டப்பட்டு இழுத்து எடுப்பதுதான் ஞாபகத்தை உறுதியாக்குகிறது. மறக்காததை மறுபடி படிப்பது சுகமான வேலை, பலன் குறைவு.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். முதலீட்டுப் பகுப்பாய்வுத் துறையினர் எழுதும் சிஎஃப்ஏ தேர்வை நடத்தும் அமைப்பு ஒவ்வொரு நிலைக்கும் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டியிருக்கும் என்கிறது. உங்கள் தேர்வுக்கு இது கூடலாம், குறையலாம். 300 என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து மாதம் என்றால் 21 வாரம். வேலை நாள் ஐந்திலும் தினம் ஒன்றேகால் மணி நேரம், விடுமுறை நாள் இரண்டிலும் நாலு மணி நேரம். வாரத்துக்கு 14 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், மொத்தம் 299. பேப்பரில் அழகாக உட்கார்ந்துவிட்டது பாருங்கள். இப்படி அட்டவணை போட்டுத்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். 21 வாரத்தில் ஒரு வாரம் காய்ச்சலுக்குப் போகும். ஒரு வாரம் வீட்டு விசேஷம். அலுவலகத்தில் ஆண்டு முடிவோ ஒரு பெரிய டெலிவரியோ வந்தால் இரண்டு வாரம் அம்பேல். உண்மையில் கையில் இருப்பது 17 வாரம், 240 சொச்சம் மணி நேரம். ஆகவே அட்டவணையை 17 வாரத்துக்குப் போட்டு, மீதி நாலைக் காலியாக விடுங்கள். எந்த வாரம் போகும் என்று தெரியாது, போகும் என்பது மட்டும் நிச்சயம்.

அதற்கும் முன்னால், ஒரே ஒரு வாரம் எதையும் மாற்றாமல், புத்தகம் உண்மையில் எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நாற்காலியில் இருந்த நேரம் கணக்கில் வராது. போன் கையில் இருந்த நேரமும் கணக்கில் வராது. என்னிடம் வந்த ஒரு ஜூனியர் தினம் மூன்று மணி நேரம் படிப்பதாகச் சத்தியம் செய்தான். குறித்துப் பார்த்ததில் 70 நிமிடம் வந்தது. பொய் சொல்லவில்லை பாவம், அவனுக்கே தெரியவில்லை.

காலையா, ராத்திரியா என்று கேட்பீர்கள். எனக்குக் காலை. பகல் முழுக்க மூளையை அலுவலகத்துக்கு விற்றுவிட்டு, மிச்சத்தை ராத்திரி பத்து மணிக்குத் தேர்வுக்குக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இதில் எல்லாருக்கும் ஒரே விதி கிடையாது. ஷிப்ட் மாறும் வேலை என்றால் மணியைப் பார்க்காதீர்கள், "வேலையிலிருந்து வந்து குளித்ததும்" என்பது போல ஒரு செயலோடு சேர்த்து முடிச்சுப் போடுங்கள். அப்புறம், தேர்வுத் தேதியை வீட்டில் இருப்பவர்களிடமும் மேலதிகாரியிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேர்வுக்கு முந்தின வாரம் லீவு வேண்டும் என்று ஐந்து மாதம் முன்னால் கேட்டால் கிடைக்கும், ஐந்து நாள் முன்னால் கேட்டால் முறைப்பார்கள்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் பாடத்திட்டத்தை எடுங்கள். பயிற்சி நிறுவனம் கொடுத்த சுருக்கம் வேண்டாம், தேர்வு நடத்தும் அமைப்பே வெளியிட்டது. அதில் எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 5 சதவீதப் பகுதி பிடித்திருக்கிறது என்பதற்காக மூன்று வாரம் அதிலேயே குடியிருப்பதும், 20 சதவீதப் பகுதி கசக்கிறது என்பதற்காகத் தள்ளிக்கொண்டே போவதும் நாம் எல்லாரும் செய்கிற வேலை. இன்னொன்று, அதில் வரும் வினைச்சொற்களைப் பாருங்கள். "விளக்குக" என்று இருப்பதும் "கணக்கிடுக" என்று இருப்பதும் "பரிந்துரைக்க" என்று இருப்பதும் ஒன்றில்லை. பரிந்துரைக்கச் சொன்ன இடத்தில் இரண்டு பக்கம் விளக்கி எழுதினால் திருத்துபவருக்கு மதிப்பெண் போட ஆசை இருந்தாலும் போட இடம் இருக்காது. நான் திருத்திய தாள்களில் இது சர்வ சாதாரணம். பாடம் கரைத்துக் குடித்தவர் எழுதிய விடை என்று பார்த்ததுமே தெரியும். கேட்டது மட்டும் அதில் இருக்காது.

பல அமைப்புகள் ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் திருத்தியவர்களின் அறிக்கையை வெளியிடுகின்றன. கணக்காளர்களுக்கான தேர்வுகளை நடத்தும் ஏசிசிஏ வெளியிடுகிறது. இலவசம். எந்தக் கேள்வியில் எங்கே கூட்டம் கூட்டமாக வழுக்கி விழுந்தார்கள் என்று திருத்தியவர்களே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கும் இந்த அறிக்கையைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். காசு கொடுத்து வாங்கும் "கெஸ்" கேள்விகளைவிட இது ஆயிரம் மடங்கு மேல். பழைய பதிப்புப் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை: சட்டம், வரி, தரநிலை எதுவாக இருந்தாலும் உங்கள் தேர்வுக்கு எந்தத் தேதி வரைக்குமான மாற்றங்கள் பொருந்தும் என்று அமைப்பு அறிவித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு அப்புறம் சீனியரிடம் புத்தகத்தை இரவல் வாங்குங்கள்.

இப்போது நான் ரொம்ப நம்புகிற ஒன்று: தப்பு நோட்டு. பயிற்சிக் கேள்வி போட்டு, விடை பார்த்து, "ஓ, இதுவா, கவனக்குறைவு" என்று டிக் அடித்துவிட்டுப் போகிறோமே, அந்தப் பழக்கம்தான் நாலு மதிப்பெண்ணைத் தின்கிறது. கவனக்குறைவு என்று ஒரு தப்பு கிடையாது. அது தப்புக்கு நாம் வைத்திருக்கும் செல்லப் பெயர். என் பழைய நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது (தேய்மானம் என்றால் இயந்திரம் பழசாகப் பழசாக அதன் மதிப்பில் ஆண்டுதோறும் கழிக்கும் தொகை):

"14-ஆம் தேதி. தேய்மானம். இயந்திரத்தை ஆண்டு நடுவில் வாங்கியிருக்கிறார்கள், நான் முழு ஆண்டுக்கும் போட்டுவிட்டேன். தேதி மூன்றாவது வரியிலேயே இருக்கிறது. படித்தேன், ஆனால் கையில் பேனா நகரவில்லை. இனிமேல் தேதி கண்ணில் பட்டால் வட்டம்."

பத்து நாள் கழித்து அதே தப்பு, இன்னொரு இயந்திரத்தில். அதற்கும் இரண்டு வாரம் கழித்து கடன் வட்டியில்: கடன் வாங்கியது நாலாவது மாதம், வட்டி போட்டது பன்னிரண்டு மாதத்துக்கு. மூன்று பதிவையும் சேர்த்துப் படித்தபோதுதான் உறைத்தது. எனக்குத் தேய்மானம் தெரியாமல் இல்லை, வட்டியும் தெரியாமல் இல்லை. கேள்வியில் எண்ணைத் தேடி ஓடும் அவசரத்தில் தேதியைத் தாண்டிப் போகிறேன். பாடத்தை இன்னும் பத்து தடவை படித்திருந்தாலும் இது சரியாகியிருக்காது. வட்டம் போடப் பழகியதும் சரியாகிவிட்டது.

ஒவ்வொரு பதிவிலும் எங்கே தப்பு என்பதை விட ஏன் தப்பு என்பதை எழுதுங்கள். விதியே தெரியவில்லையா, தெரிந்தும் இது அந்த விதிக்கான இடம் என்று தோன்றவில்லையா, கேள்வியை ஒழுங்காகப் படிக்கவில்லையா, நேரம் ஓடிவிட்டதா? முதல் ரகத்துக்கு மட்டும்தான் புத்தகம் மருந்து. ஒரு மாதம் எழுதிய பிறகு எண்ணிப் பாருங்கள், அந்த முதல் ரகம் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

"இது அந்த விதிக்கான இடம் என்று தோன்றவில்லை" என்கிற ரகத்துக்கு ஒரு வைத்தியம் உண்டு: கேள்விகளைக் கலந்து போடுவது. அத்தியாயத்தின் கடைசியில் இருக்கும் பத்துக் கேள்வியும் அந்த அத்தியாயத்தின் விதியைத்தான் கேட்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். தேர்வில் அந்தத் தலைப்பை யாரும் மேலே எழுதிக் கொடுப்பதில்லை. 2007-இல் ரோரர், டெய்லர் என்ற இருவர் கன அளவு காணும் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் கூட்டம் 20 சதவீதம், கலந்து போட்ட கூட்டம் 63. ஆகவே மூன்றாவது மாதத்திலிருந்து பயிற்சியை எப்போதும் கலந்தே வையுங்கள். மார்க் குறையும், மனசு கஷ்டப்படும். விடுங்கள், குறைய வேண்டிய இடம் அதுதான்.

கடைசி ஆறு வாரத்தில் முழு மாதிரித் தேர்வு. முழு என்றால் முழு. உண்மையான தேர்வு காலை ஒன்பதுக்கு என்றால் இதுவும் காலை ஒன்பதுக்கு. இடையில் எழுந்து போகக் கூடாது, போன் வேறு அறையில். கணினியில் தேர்வு என்றால் கணினியிலேயே. திரையில் நீளமான கேள்வியைப் படிப்பதும், அவர்கள் கொடுக்கும் விரிதாளில் கணக்குப் போடுவதும் தனிப் பழக்கம், தாளில் பழகியது அங்கே உதவாது. கால்குலேட்டர்கூட அதேதான். சிஎஃப்ஏ தேர்வில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ டூ பிளஸ், எச்பியின் 12சி ஆகிய இரண்டு மாடல் வரிசை மட்டும்தான் அனுமதி. கடைசி வாரத்தில் புதிதாக வாங்கிக்கொண்டு போய், எந்த பட்டனில் என்ன இருக்கிறது என்று தேர்வறையில் தேடினால் என்ன ஆகும்? இப்படி நாலு மாதிரித் தேர்வு போதும். ஆனால் எழுத மூன்று மணி நேரம் ஆனால், எழுதியதை அலச இன்னொரு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அலசாத மாதிரித் தேர்வு வெறும் களைப்பு.

நீங்கள் கடைசிக் கேள்வியைத் தொடாமல் வந்ததற்கு இப்போது வருகிறேன், ஏனென்றால் நானும் அதில்தான் விழுந்தேன்.

மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், ஐந்து கேள்வி, ஒவ்வொன்றும் 20. கணக்கு எளிது: 180 நிமிடத்தை 100-ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், ஒரு கேள்விக்கு 36 நிமிடம். இது எனக்குத் தெரியும். முதல் கேள்வி எனக்குப் பிடித்த இறுதிக் கணக்குகள். விறுவிறுவென்று போட்டேன். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. வித்தியாசம் 2,700. கணக்குப் பழகியவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது, எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. விட மனசு வரவில்லை. ஒவ்வொரு குறிப்பாகத் திரும்பப் போனேன். கண்டும் பிடித்துவிட்டேன்: 5,800 என்பதை 8,500 என்று எடுத்து எழுதியிருந்தேன். அடித்துத் திருத்தி, இரண்டு பக்கமும் சமமாக வந்தபோது கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே! கடிகாரத்தைப் பார்த்தால் 62 நிமிடம் போயிருந்தது. அந்தத் திருத்தத்துக்கு எனக்குக் கிடைத்தது மிஞ்சிப்போனால் ஒரு மதிப்பெண். ஐந்தாவது கேள்வியில் தலைப்பு மட்டும் எழுதினேன், தாளை வாங்கிவிட்டார்கள். முடிவு 47. பாஸ் மார்க் 50.

தாள் திருத்த உட்கார்ந்த பிறகுதான் இதன் முழு அநியாயமும் புரிந்தது. எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வியின் முதல் பத்து மதிப்பெண் சீக்கிரம் விழுந்துவிடும். சரியான படிவம், சரியான தலைப்புகள், நேரடியாக எடுத்துப் போடக்கூடிய எண்கள். அடுத்த ஐந்துக்கு உழைக்க வேண்டும். கடைசி ஐந்தோ கல்லில் நார் உரிப்பது. ஒரு எண் தப்பாகிவிட்டால்கூட, அதை வைத்து அடுத்து வரும் படிகளை முறையாகச் செய்திருந்தால் அந்தப் படிகளுக்கு மதிப்பெண் கொடுப்பதுதான் வழக்கம். ஆகவே ஒரு கேள்வியில் 17-இலிருந்து 18-க்கு ஏற 26 நிமிடம் செலவழிப்பவர், இன்னொரு கேள்வியில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குப் போகும் வாய்ப்பைத் தொலைக்கிறார். நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் பேனாவை எடுத்துவிட வேண்டும். இரண்டு வரி இடம் விட்டுவிட்டு அடுத்த கேள்வி. சொல்வது சுலபம், கை கேட்காது. அதனால்தான் மாதிரித் தேர்வில் இதைத் தனியாகப் பழக வேண்டும். ஆரம்பத்திலேயே வினாத்தாள் ஓரத்தில் ஒவ்வொரு கேள்வியும் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று எழுதிவிடுங்கள்: 9.36, 10.12, 10.48. மூளை சூடாகியிருக்கும்போது கூட்டல் கழித்தல் வேண்டாம்.

கொள்குறி வினாத் தேர்வு என்றால் கதை கொஞ்சம் வேறு. சிஎஃப்ஏ முதல் நிலையில் ஒரு அமர்வுக்கு 90 கேள்வி, 135 நிமிடம், அதாவது கேள்விக்கு 90 வினாடி. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை. அப்படியென்றால் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடுவது பாவம். தப்புக்கு மார்க் கழிக்கும் தேர்வில் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாலு விடை, தப்புக்கு மூன்றில் ஒரு மார்க் கழிப்பார்கள் என்றால், கண்ணை மூடிக் குறிப்பதில் சராசரியாக லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு விடை நிச்சயம் தப்பு என்று நீக்க முடிந்தாலே கணக்கு உங்கள் பக்கம் சாய்ந்துவிடும், மீதி மூன்றில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். இதைத் தேர்வறையில் யோசிக்கக் கூடாது, வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

"முதலில் தோன்றிய விடையை மாற்றாதே" என்று எல்லாரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களை எண்ணினார்கள். மாற்றியதில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்கு, 25 சதவீதம் சரியிலிருந்து தப்புக்கு, மீதி தப்பிலிருந்து இன்னொரு தப்புக்கு. சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்தது வருடக்கணக்கில் வலிக்கும், மாற்றித் தப்பித்தது அன்றைக்கே மறந்துபோகும். அந்தப் பழமொழி பிழைத்திருப்பது இதனால்தான். காரணம் இருந்தால் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்றாதீர்கள்.

சில கணினித் தேர்வுகளில் மாற்றவே முடியாது, அதையும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி தேர்வு நீங்கள் பதில் சொல்வதைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. 3 மணி நேரம், 100-இலிருந்து 150 கேள்வி வரை. விட்டுவிட்டு அப்புறம் வருகிறேன் என்பதற்கு அங்கே இடமில்லை. கேள்வி கஷ்டமாகிக்கொண்டே போனால் தோற்கிறோம் என்று பதற வேண்டாம், நன்றாகச் செய்பவருக்குத்தான் கஷ்டமானது வரும்.

கடைசி வாரம் புதிதாக எதுவும் வேண்டாம், தப்பு நோட்டு மட்டும். தேர்வு மையம் எங்கே என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவு செய்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், தேர்வு நாளில் இல்லை. இனிஷியல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வாசலிலேயே நின்றுபோனவர்கள் உண்டு. முந்தின ராத்திரி தூக்கத்தை வெட்டிப் படிப்பது பத்து மணி நேரக் கூலியைக் கொடுத்து ஒரு மணி நேர வேலை வாங்குவது.

பயம் எல்லாருக்கும் இருக்கும். 2011-இல் ராமிரெஸ், பைலாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் மனதில் உள்ள கவலையை அப்படியே எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். தேர்வுப் பயம் அதிகம் உள்ள மாணவர்களுக்கு அது உதவியது. எனக்கு இதில் முதலில் நம்பிக்கை இல்லை, செய்து பார்த்த ஒரு ஜூனியர் சொன்ன பிறகு வந்தது. தேர்வு நடுவில் தலை வெறுமையாகிவிட்டால் அதே கேள்வியை முறைத்துக்கொண்டிருக்காதீர்கள். தெரிந்த சின்னக் கேள்வி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினால் கை ஓட ஆரம்பிக்கும், தலையும் பின்னாலேயே வரும். அடுத்த நாள் இன்னொரு தாள் இருந்தால், வெளியே வந்ததும் விடை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்காமல் நேரே வீட்டுக்குப் போங்கள்.

உங்களுக்கு முதல் வேலை: இந்த வாரக் கடைசியில், புத்தகத்தைத் தொடாமல், போன தடவை நீங்கள் எழுதிய தேர்வின் தாளையோ அதைப் போன்ற ஒன்றையோ முழு நேரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் மோசமாகத்தான் வரும், கவலைப்படாதீர்கள். தப்பு நோட்டின் முதல் பத்துப் பதிவு அங்கிருந்து கிடைக்கும். நேரம் எந்தக் கேள்வியில் ஒழுகியது என்பதும் தெரிந்துவிடும். தேர்வு அமைப்பு பகுதிவாரியாக மதிப்பெண் விவரம் அனுப்பியிருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அந்தத் தாளை ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதினேன். முதல் கேள்வி மறுபடியும் இறுதிக் கணக்குகள். பேலன்ஸ் ஷீட் மறுபடியும் டேலி ஆகவில்லை. 36-ஆவது நிமிடத்தில் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கு, அதாவது காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் கணக்கு, என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். அந்தத் தப்பு எங்கே இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மதிப்பெண் 63.